கித்தானுக்குக் கீழே இருந்தவர்கள்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தது. நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்து ஓடுகளில் பாதி தெருவில் கிடந்தன. வீட்டில் ஆளுக்கொன்றாக அரிசி மூட்டை, பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் என்று எடுத்து நனையாத இடம் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பரணில் ஏறி, பெட்டியின் கண்ணாடி உடைந்து மழையில் ஊறிக் கிடந்த ஒரு கப்பலைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

இரண்டரை அடி நீளம். கறுப்பு உடல், அதன் மேல்விளிம்பை ஒட்டி ஓடும் வெள்ளைக் கோடு, வெள்ளை மேல்மாடி, நடுவில் ஒற்றைப் புகைபோக்கி, அதில் இரண்டு வெள்ளை வளையங்கள். முன்னும் பின்னும் ஒவ்வொரு கொடிமரம். என் தாத்தா, அப்பாவைப் பெற்றவர், 1959-லும் 1960-லும் இரண்டு மழைக்காலங்களில் உட்கார்ந்து செய்த ரஜூலா அது. தாத்தா தச்சர். ஐப்பசி, கார்த்திகையில் வெளிவேலை நின்றுபோகும். அந்த ஓய்வில் செய்தது.

சிறுவயதில் அந்தக் கப்பலின் முன்னும் பின்னும் விரித்துத் தைத்திருந்த கித்தானை ஒருமுறை விரலால் தூக்கிப் பார்க்கப் போனேன். அப்பாயி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். “தூக்காத பாப்பா. உள்ள ஆளுங்க தூங்குறாங்க” என்றார். பிள்ளை கெடுத்துவிடக் கூடாதே என்பதற்காகச் சொன்ன வார்த்தை என்றுதான் நாற்பது வருடம் நினைத்திருந்தேன்.

ரஜூலாவின் பெயரைக் கேட்டதும் நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் முகம் மாறும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பினாங்கிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். இளையவர்களுக்கு அது வெறும் பெயர். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

ரஜூலா ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கிளைட் ஆற்றங்கரையில், பார்க்ளே கர்ல் என்ற கப்பல் கட்டும் நிறுவனத்தில் 1926-ல் உருவானது. உடைமையாளர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. துறைமுகத்துக்காரர்கள் வாயில் ‘பி.ஐ. கம்பெனி’. அந்தக் கம்பெனிக் கப்பல்களின் பெயர்கள் ‘ஆ’ ஓசையில் முடியும், பல இந்திய ஊர்ப் பெயர்கள். குஜராத்தில் இன்றும் ரஜூலா என்று ஓர் ஊர் உண்டு.

கப்பலின் அளவு 8,478 டன் என்று பதிவுகள் சொல்லும். இந்த டன் எடையைக் குறிப்பதல்ல. கப்பலின் உள்ளே மூடப்பட்ட இடம் எவ்வளவு என்ற கணக்கு. நூறு கன அடி இடம் ஒரு டன். இரண்டு நீராவி இயந்திரங்கள், இரண்டு சுழல்விசிறிகள். ஒரே நீராவியைச் சின்ன உருளை, நடு உருளை, பெரிய உருளை என்று மூன்றில் அடுத்தடுத்துச் செலுத்தி, அதன் சக்தியை மூன்று முறை பிழிந்தெடுக்கும் வகை இயந்திரம். வேகம் மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கடல் மைல். நம் கணக்கில் இருபத்து மூன்று கிலோமீட்டர் சொச்சம். சென்னையில் கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆளேற்றி, பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று போகும். போய்ச் சேர ஒரு வாரம் ஆகும்.

ஆனால் ரஜூலாவை ரஜூலா ஆக்கியது அதன் அளவோ வேகமோ அல்ல. கட்டிய காலத்தில் அதில் அறை எடுத்துப் போகக்கூடியவர்கள் அறுபது பேர் அளவில்தான். தளத்தில் பாய் விரித்துப் போவதற்கு அனுமதிக்கப்பட்டவர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் கப்பல் யாருக்காகக் கட்டப்பட்டது, யாரால் பிழைத்தது என்பது விளங்கும். பின்னாளில் விதிகள் இறுகி, தளப் பயணிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஆனாலும் கடைசிவரை அது ‘டெக் டிக்கெட்’காரர்களின் கப்பலாகவே இருந்தது.

இனி தாத்தாவின் கப்பலுக்கு வருகிறேன்.

நான் இருபத்தெட்டு ஆண்டுகள் ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்தவள். ஒரு பொருளை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பது என் தொழில். என்றாலும் இந்தக் கப்பலைப் புயல்தான் எனக்குத் திறந்து காட்டியது. பழைய தச்சர்கள் மரத்தை ஒட்ட வஜ்ரம் காய்ச்சுவார்கள். விலங்கின் தோலும் எலும்பும் காய்ச்சிய பிசின் அது. உலர்ந்தால் இரும்பு மாதிரி பிடிக்கும், ஆனால் தண்ணீரில் ஊறினால் இளகிவிடும். ஓர் இரவு மழையில் ஊறிய ரஜூலாவின் உடல், கட்டு அவிழ்ந்த ஏடுகளைப் போல அடுக்கடுக்காகப் பிரிந்து நின்றது.

ஏழு பலகைகள். கீழ்ப்பலகை குறுகல், மேலே போகப் போக அகலம். ஒவ்வொன்றையும் அந்தந்த உயரத்தில் கப்பலின் விளிம்பு எப்படி வளையுமோ அப்படி அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, படிபடியாக நிற்கும் ஓரங்களை உளியால் செதுக்கி, அரம் போட்டு, உப்புத்தாளால் இழைத்தால் வழுவழுப்பான கப்பல் உடல் வந்துவிடும். மாதிரிக் கப்பல் செய்கிறவர்கள் உலகெங்கும் கையாளும் முறை இது. முழு மரக்கட்டையைக் குடைவதைவிட இது நல்லது. ஒரே கட்டை என்றால் வெயில், மழையில் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். பலகைகளை நார் மாற்றி மாற்றி அடுக்கினால் ஒன்றின் இழுப்பை மற்றது பிடித்துக்கொள்ளும்.

மரம் மஞ்சக்கடம்பு. பொம்மை செதுக்குகிறவர்களுக்குப் பிடித்த மரம், உளிக்கு இணங்கும். தொங்கும் படகுகளுக்கு மட்டும் பூவரசு. எங்கள் பக்கம் உண்மையான படகுக்கும் பூவரசு போடுவார்கள். படகுகளைத் தாங்கும் வளைந்த கம்பிகள் சைக்கிள் ஸ்போக்ஸ். கயிறுகளெல்லாம் வலை பின்னும் பருத்தி நூல். கித்தான் என்று நான் சொன்னது மல்துணி. கஞ்சி போட்டு விறைப்பாக்கி, ஓரம் மடித்து அப்பாயி தைத்துக் கொடுத்தது. தையல் அவ்வளவு சிறியது, உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் எண்ண முடியவில்லை.

உண்மையான கப்பலின் பதினாறு அடி இதில் ஓர் அங்குலம். இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தாத்தாவின் நோட்டுப் புத்தகம் ஒன்று அவருடைய கருவிப் பெட்டியில், இழைப்புளிக்கு அடியில் கிடைத்தது. பக்கம் பக்கமாக எண்கள். ‘முன் தளம், நீளம் 34 எட்டு.’ ‘படி 11.’ ‘கொடிமரத்திலிருந்து கைப்பிடி 9 எட்டு.’ நடந்து நடந்து எட்டு வைத்து அளந்திருக்கிறார். 1950-ல் அப்பாயியையும் இரண்டு வயதுப் பிள்ளையான என் அப்பாவையும் பினாங்குக்குக் கூட்டிக்கொண்டு போன பயணத்தில் எடுத்த அளவுகள் இவை. “எல்லாரும் வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்குறோம். ஒங்க தாத்தா எட்டு எண்ணிக்கிட்டு நடக்குறாரு. பாக்குறவுக பைத்தியம்னு நெனச்சாக” என்று அப்பாயி சொல்லியிருக்கிறார்.

அந்த நோட்டில் ஓர் இடத்தில் எண் இல்லை. ‘மேல்மாடி. போக விடவில்லை’ என்று இரண்டு வரி. கப்பலைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை மேல்மாடியில் ஜன்னல்களை வெளியிலிருந்து தெரிகிற மாதிரி வரைந்திருக்கிறார், அவ்வளவுதான். கதவு இல்லை, உட்காரும் இடம் இல்லை, ஆள் இல்லை. அதேபோலக் கப்பலின் அடிப்பாகமும் இல்லை. தண்ணீர் மட்டத்தோடு தட்டையாக அறுத்து நிறுத்தியிருக்கிறார். சுழல்விசிறி, சுக்கான் எதுவும் கிடையாது. ஏன் பாதிக் கப்பல் செய்தீர்கள் என்று அப்பா ஒருமுறை கேட்டாராம். “பாக்காதத எப்படிடா செய்யிறது?” என்றாராம் தாத்தா.

இந்தப் பதிலின் கனம் எனக்குப் புரிந்தது, கப்பல் கட்டும் நிறுவனங்கள் செய்த மாதிரிகளைப் பற்றிப் படித்த பிறகு. கிளைட் ஆற்றங்கரை நிறுவனங்கள் பெரிய கப்பல்களைக் கட்டும்போது அதே வடிவில் ஒரு மாதிரியையும் செய்வது வழக்கம். அதற்கென்றே தேர்ந்த கைவினைஞர்கள் இருந்தார்கள். உண்மையான நான்கு அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் பத்துப் பன்னிரண்டு அடி நீளத்துக்கு வரும் மாதிரிகள். நங்கூரம், கப்பி, கைப்பிடி எல்லாவற்றுக்கும் வெள்ளி முலாமோ பொன் முலாமோ பூசியிருப்பார்கள். கம்பெனியின் அலுவலகத்தில், டிக்கெட் விற்கும் இடத்தில், கண்காட்சிகளில் வைப்பதற்காகச் செய்தவை அவை. கிளாஸ்கோவின் ரிவர்சைடு அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட மாதிரிகள் வரிசையாக நகர்ந்து வர, பார்வையாளர்கள் உட்கார்ந்து பார்க்கலாம். உலகின் மிக நேர்த்தியான கைவேலைகளில் அவை சேரும். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் அந்த மாதிரிகளின் தளங்கள் வெறுமையாக இருக்கும். பளபளப்பான பலகைகள், துடைத்து வைத்த வராந்தாக்கள். கப்பலை வாங்கியவரின் கண்ணுக்குக் கப்பல் அப்படித்தான் தெரியும். டெக் டிக்கெட்காரரின் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பதை அந்தக் கித்தானை அவிழ்த்தபோது பார்த்தேன்.

மழை நின்ற மூன்றாம் நாள். துணி பூஞ்சணம் பிடித்து மரத்தோடு ஒட்டத் தொடங்கியிருந்தது. விட்டால் மரமும் கெடும். வேறு வழியில்லாமல் அப்பாயியின் தையலை நகவெட்டியால் ஒவ்வொரு கண்ணாக அறுத்துக் கித்தானைத் தூக்கினேன்.

உள்ளே ஆட்கள் படுத்திருந்தார்கள்.

தீக்குச்சிகளை அரை அங்குலத்துக்கும் குறைவாக நறுக்கி, ஒரு முனையைத் தலையாக உருட்டிச் செதுக்கியிருந்தார். சிலர் படுத்திருந்தார்கள். சிலர் உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு துண்டுகளை மடிப்பாக ஒட்டிச் செய்த உட்காரல். கோரைப்பாயைச் சீவி நகக்கண் அளவுக்குப் பாய்கள். டிரங்குப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஊசி முனையால் தொட்ட பூட்டு. மூட்டைகளாக நூல் சுற்றிய உருண்டைகள். நான்கைந்து இடங்களில் ஒரு குச்சியின் மேல் இன்னொரு குட்டித் துண்டு. இடுப்பில் பிள்ளை. பின்தளத்தில் நூற்று முப்பத்தெட்டு, முன்தளத்தில் எழுபத்தாறு. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர். இரவு முழுவதும் எண்ணினேன்.

தாத்தா எது, அப்பாயி எது என்று தேடினேன். அடையாளம் எதுவும் வைக்கவில்லை. எல்லாம் ஒரே உயரம், ஒரே குச்சி.

அந்த இருநூற்றுப் பதினான்கு பேர் யார்? ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணி அழைத்துப் போனவர்கள் உண்டு. தோட்ட முதலாளிகள் செலுத்திய பணத்தில் 1907-லிருந்து மலாயாவில் ஒரு குடியேற்ற நிதி இயங்கியது. தொழிலாளிகளின் கப்பல் கட்டணத்தை அது கட்டியது. நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் முகாம் வைத்து ஆட்களை அனுப்பினார்கள். 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை விழுந்தபோது, அதே கப்பல்களில் பல்லாயிரம் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். 1938-ல் இந்திய அரசு இந்தக் கட்டண உதவிக் குடியேற்றத்தைத் தடை செய்தது. தாத்தா அதற்கு ஓராண்டுக்கு முன், 1937-ல், சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் பினாங்குக்குத் தச்சு வேலைக்குப் போனவர். கடை வைக்கப் போன மரைக்காயர்கள், செட்டியார் கடைக் கணக்கர்கள், கோயில் குருக்கள், தவில்காரர், கணவனிடம் போகும் புதுப்பெண் எல்லாரும் அதே தளத்தில்தான் போனார்கள்.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை அணைய ஆழம் கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய், அலையில் ஏறி இறங்கும் படகிலிருந்து கப்பலின் பக்கவாட்டு ஏணியைப் பிடிக்க வேண்டும். ஏறியதும் இடம் பிடிக்கிற ஓட்டம். கித்தான் நிழலுக்குள் காற்று வரும் ஓரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அப்பாயிக்கு வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடைத்தது. ஆறு நாளும் அந்த வாடை. பண்டாரி, அதாவது கப்பல் சமையல்காரர், அண்டாவில் வடித்த சோற்றைத் தட்டில் வாங்கி வந்து பாயில் வைத்துச் சாப்பிட வேண்டும். பினாங்கை நெருங்கினாலும் உடனே கரையில் கால் வைக்க முடியாது. நோய் பரவாமல் தடுக்க, டெக் பயணிகளைப் பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவு முகாமிலும், சிங்கப்பூர் போகிறவர்களைச் செயின்ட் ஜான்ஸ் தீவு முகாமிலும் தங்க வைத்தார்கள்.

அந்த ஏணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாத்தாவின் கப்பலில் எல்லா அளவும் சரியாக இருக்க, பக்கவாட்டு ஏணி மட்டும் அளவுக்கு மீறிப் பெரியது. படிகள் ஆளின் இடுப்புயரம். முதலில் பிழை என்று நினைத்தேன். எட்டு எண்ணி அளந்த மனிதர் ஏணியில் மட்டும் ஏன் தவற வேண்டும்? நோட்டில் ஏணிக்கும் அளவு இருக்கிறது, சரியான அளவு. தெரிந்தேதான் பெரிதாகச் செய்திருக்கிறார். இருபது வயதில், கையில் பெட்டியோடு, ஆடும் படகிலிருந்து அந்த முதல் படியைப் பார்த்தபோது அது அவருக்கு அவ்வளவு உயரமாகத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். கையால் செய்த பழைய பொருள்களில் இப்படி அளவு பிசகிய இடங்களைக் கவனித்துப் பாருங்கள். செய்தவரின் மனம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தாத்தாவுக்குக் கப்பல் செய்யும் ஆசை எங்கிருந்து வந்தது என்பதற்கு எங்கள் ஊரே பதில். நாகூர் ஆண்டவர் கந்தூரியின் கொடி ஊர்வலம் நாகப்பட்டினத்தில்தான் கிளம்பும். அதில் கப்பல் வடிவ ரதங்கள் விளக்கும் கொடியுமாகத் தெருவில் வரும். கடலில் போகிறவர்களைக் காப்பவர் என்று நாகூர் ஆண்டவரான சாகுல் ஹமீது வலியுல்லாவை எல்லாச் சமயத்தவரும் வேண்டிக்கொள்கிற ஊர் இது. அந்த நம்பிக்கை கப்பலேறிப் போய், பினாங்கு சூலியா தெருவிலும் சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலும் நாகூர் தர்கா என்ற பெயரிலேயே நினைவிடங்களாக நிற்கிறது. ஐரோப்பாவின் கடலோர ஊர்களிலும் தேவாலயக் கூரையிலிருந்து மாதிரிக் கப்பல்களைத் தொங்கவிடும் வழக்கம் உண்டு. புயலில் பிழைத்தவர்களின் நன்றிக்கடன் அது. உலகெங்கும் கடலோரத்துக்காரர்கள் கப்பலைக் கையால் செய்து பார்த்திருக்கிறார்கள்.

பாதையும் புதியதல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ராஜராஜ சோழன் காலத்தில், ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தைக் கட்டினார். 1025-ல் ராஜேந்திரனின் படை கடாரத்துக்குப் போனது. அந்தக் கடாரம் இன்றைய கெடா. பினாங்கு 1786-ல் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை கெடாவுக்குச் சொந்தமான தீவு. தாத்தா டெக் டிக்கெட்டில் போனது அந்தப் பழைய பாதையில்தான்.

ரஜூலாவின் உடைமையாளரான பி.ஐ. கம்பெனியின் கதையில் நம்மவர் ஒருவரின் கண்ணீரும் இருக்கிறது. 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியதே, தூத்துக்குடி – கொழும்பு வழியில் இந்த பி.ஐ. கம்பெனியின் ஏகபோகத்தை உடைக்கத்தான். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் 1907-ல் வந்து சேர்ந்தன. பி.ஐ. கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது, பயணிகளுக்குக் குடை இனாம் கொடுத்தது. 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-ல் சங்கம் கலைக்கப்பட்டது.

ரஜூலா 1973-ல் பி.ஐ. கம்பெனியிடமிருந்து இந்தியக் கப்பல் கழகத்துக்குப் போனது. அந்தமானின் ஓர் ஊர்ப் பெயரில் ‘ரங்கத்’ ஆனது. 1974-ல் பம்பாயில் உடைக்கப்பட்டது. ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டு வாழ்வு. அதன் தடத்தில் ஓடவந்த கப்பலுக்கு ‘எம்.வி. சிதம்பரம்’ என்று பெயர் வைத்தார்கள். பி.ஐ. கம்பெனி கோலோச்சிய கடலில் வ.உ.சி.யின் பெயர் மிதந்தது. அந்தக் கப்பலில் 1985 பிப்ரவரி 12 அன்று வங்கக் கடல் நடுவில் தீப்பிடித்து நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். அதோடு சென்னை – சிங்கப்பூர் பயணக் கப்பல் வழி முடிந்தது.

ரஜூலாவுக்கு ரோனா என்று ஓர் உடன்பிறப்பு இருந்தது. அதே 1926-ல் பிறந்து, அதே மலாயா வழியில் நம் ஆட்களை ஏற்றிப் போன கப்பல். உலகப் போரில் இரண்டும் படைகளைச் சுமந்தன. 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கடலோரத்தில் ஜெர்மானிய விமானம் ஏவிய, வானொலி அலையால் வழிநடத்தப்பட்ட குண்டு ரோனாவைத் தாக்கியது. இறந்தவர்கள் 1,138 பேர். அவர்களில் 1,015 பேர் அமெரிக்கப் படைவீரர்கள். அமெரிக்கா பல ஆண்டுகள் இதை வெளியில் சொல்லவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியக் கப்பல் ஊழியர்களும் அதில் மாண்டார்கள். சாரங்கு, தண்டல், கலாசி, பண்டாரி என்று பதவிப் பெயரால் மட்டுமே அழைக்கப்பட்டவர்கள்.

அதே ஆண்டுகளில் தாத்தா பினாங்கில் அகப்பட்டுக்கொண்டார். ஜப்பானியர் ஆட்சியில் ஊருக்குக் கடிதம் கிடையாது, கப்பல் கிடையாது. மலாயாவிலிருந்து சயாம் – பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. தச்சு தெரிந்ததால் தாத்தா தப்பினார் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. 1958-ல் குடும்பத்தோடு நிரந்தரமாகத் திரும்பி, அடுத்த மழைக்காலத்தில் இழைப்புளியை எடுத்தார். பேசாததையெல்லாம் செதுக்கியிருக்கிறார்.

கப்பலைச் சரிசெய்ய எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. இதில் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். பல வீடுகளில் இப்படி ஒன்று இருக்கும்.

புதுப் பெயிண்ட் அடிக்காதீர்கள். வெடித்த பழைய பூச்சுதான் காலத்தைச் சொல்லும். அதை மூடினால் அறுபது வருடப் பொருள் போன வாரப் பொருளாகிவிடும். தூசியை மென்மையான தூரிகையால் மட்டும் தட்டுங்கள். ஈரத் துணி வேண்டாம். வஜ்ரம் போட்டு ஒட்டியதை வஜ்ரம் போட்டே ஒட்டுங்கள். இன்றைய வெள்ளைப் பசை கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் நாளை ஒருவர் திரும்பப் பிரித்துச் சரிசெய்ய விடாது. நேர் வெயிலும் சமையல் புகையும் படாத இடத்தில் வையுங்கள்.

பெட்டியில் காற்று போகச் சிறு துளை இருக்கட்டும். இதை எனக்குக் கற்றுத் தந்தது தாத்தாவின் நங்கூரம். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை உருக்கிச் செய்தது அது. புயலுக்கு முன்பே வெள்ளைப் பொடி பூத்து உதிரத் தொடங்கியிருந்தது. அடைத்த மரப்பெட்டிக்குள் மரம் மெல்ல விடும் அமில ஆவி ஈயத்தைத் தின்றுவிடும். அருங்காட்சியகங்களில் பழைய மாதிரிக் கப்பல்களுக்கு வரும் பொதுவான நோய் இதுதானாம். அந்த நங்கூரத்தை மாற்றவில்லை. பொடியைத் துடைத்து, மிச்சமிருப்பதை அப்படியே வைத்திருக்கிறேன்.

கித்தானைத் திரும்பத் தைப்பதா என்று வீட்டில் பேச்சு வந்தது. திறந்தே இருக்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும் என்றார் தம்பி. நான் புதிய மல்துணி வாங்கி, கஞ்சி போட்டு, ஒரு பக்கம் மட்டும் தைத்தேன். மறுபக்கம் தூக்கிப் பார்க்கலாம். நிழல் அவர்களுக்கு வேண்டும், பார்வை நமக்கு வேண்டும்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணக் கப்பல் கிளம்பியபோது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். “இதுதான் ரஜூலாவா?” என்று கேட்டாள் தம்பி மகள். இல்லை என்று வீட்டுக்கு அழைத்து வந்து கித்தானைத் தூக்கிக் காட்டினேன். அவள் விரலை வைத்து எண்ணத் தொடங்கினாள்.

ரஜூலாவின் இரும்பு 1974-லேயே உருக்குக் கடைக்குப் போய்விட்டது. அதன் தளத்தில் போனவர்கள் தங்கள் பயணத்தைப் புத்தகமாக எழுதி வைக்கவில்லை. பெரும்பாலோர்க்கு எழுதவும் தெரியாது. அவர்கள் விட்டுப்போனது டிரங்குப் பெட்டி, கிழிந்த டிக்கெட், தடுப்பூசிச் சீட்டு, பினாங்கில் எடுத்த ஒரு புகைப்படம், எங்கோ ஒரு வீட்டில் ஒரு மரக் கப்பல். நாகை, காரைக்கால், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, ராமநாதபுரம் என்று கப்பலேறியவர்கள் இருந்த எந்த ஊரிலும் உங்கள் பரணில் இப்படி ஒன்று இருக்கலாம். பழைய சாமான்காரர் வருவதற்கு முன் அதை இறக்கிப் பாருங்கள். யாருடையது, எந்த வருடம், எந்தக் கப்பல் என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி அதோடு வையுங்கள். பெரியவர் இருக்கும்போதே கேளுங்கள். நான் கேட்க நினைத்தபோது அப்பாயி இல்லை.

என் கப்பலின் அடியில் இப்போது ஓர் அட்டை இருக்கிறது. அதில் எழுதியிருப்பது: ரஜூலா. செய்தவர் நாகப்பட்டினம் வெளிப்பாளையம் தச்சர். கித்தான் தைத்தவர் அவர் மனைவி. 1959–60. பயணிகள் 214 பேர்.